ஸ்கிராப்புக் பெட்டி: கடையில் வாங்குவதா, நாமே சேர்ப்பதா?

செங்காங் சித்ரா | சனி, காலை 10.12

வணக்கம். வரும் அக்டோபரில் அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் 32 ஆண்டுகள் வெல்டராக இருந்தவர். அவருக்காக ஒரு ஸ்கிராப்புக், அதாவது படங்களையும் பழைய தாள்களையும் ஒட்டி அலங்கரித்த ஆல்பம், செய்ய ஆசை. அம்மா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்: ஏறக்குறைய 60 புகைப்படங்கள், பட்டறை அடையாள அட்டை, ஊரிலிருந்து பாட்டி போட்ட நீலநிற வான்கடிதங்கள், பழைய டிரான்சிட்லிங்க் பயண அட்டைகள், தமிழ் முரசில் வந்த ஒரு செய்தித் துண்டு, கல்யாணப் பத்திரிகை.

போன மாதம் இணையத்தில் "தொடங்குவோருக்கான முழுப் பெட்டி" என்று ஒன்றை 68 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கினேன். திறந்தால் ஈஃபல் கோபுரம், பனிமனிதன், தபால்தலை மாதிரி ஸ்டிக்கர்கள், நான்கு தாள் நிறைய ஆங்கில எழுத்துகள், ஒரு பொட்டலம் மினுமினுப்புத் தூள். பசைக் குழாய் பாதி காய்ந்திருந்தது. பட்டறைச் சீருடையில் நிற்கும் அப்பாவின் பக்கத்தில் ஈஃபல் கோபுரத்தை ஒட்டி நான் என்ன செய்ய?

நானே பொருள்களைச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். 60 வெள்ளிக்குள் அடங்க வேண்டும். நான்கறை வீடு, இரண்டு பிள்ளைகள். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிக்குத்தான் இடம். எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஜூரோங் ஜீவா | சனி, காலை 10.40

அக்கா, தவறாக நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து புகைப்பட நூலாக அச்சடித்துவிட்டால் என்ன? பசையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மூன்று பிரதி எடுத்து அண்ணன் தம்பிக்கும் கொடுக்கலாம்.

செங்காங் சித்ரா | சனி, காலை 10.55

யோசித்தேன், ஜீவா. அப்பாவுக்கு அந்த வான்கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு, பாட்டி மடித்த அதே மடிப்பில் மடித்து வைக்கும் பழக்கம். மடித்துத் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும். அச்சு நூலில் அது வராது.

பிடோக் பாட்டி | சனி, மதியம் 12.20

சித்ராம்மா, கடைக்குப் போகுமுன் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டு, டின்னில் இருப்பதை எல்லாம் பரப்புங்கள். நான் 28 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் அறிவிப்புப் பலகை அலங்கரித்தவள். வாங்கிவிட்டு யோசித்ததில் எத்தனை ரிப்பன் சுருள் வீணானது என்று எனக்குத்தான் தெரியும்.

60 படங்களையும் ஒட்டாதீர்கள். ஒரே நாளில் எடுத்த ஐந்து படங்களில் ஒன்று போதும். 25 தேறினால் நல்லது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு படம், நடுநடுவே கடிதம், அட்டை. ஆக 20 பக்கம். ஒரு பக்கத்துக்கு என்னென்ன தேவை என்று அப்போதுதான் தெரியும். பெட்டி விற்பவருக்கு உங்கள் 20 பக்கம் தெரியாது. அதனால்தான் பனிமனிதனைப் போட்டு நிரப்புகிறார்.

அளவைப் பற்றி ஒன்று. அமெரிக்கப் பழக்கப்படி ஸ்கிராப்புக் என்றால் 12 அங்குலச் சதுரம், அதாவது 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. படத்தில் பார்க்க அழகு. ஆனால் அந்த அளவில் தாள் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது, வீட்டு அச்சுப்பொறியில் நுழையாது, உறையோடு சேர்த்தால் சாதாரண அலமாரியிலும் நிற்காது. ஏ4 எடுங்கள். வளையம் போட்ட ஆல்பமாக இருந்தால் பிழையான பக்கத்தைக் கழற்றிவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கருவிகள்: நல்ல கத்தரிக்கோல் ஒன்று, பென் நைஃப் ஒன்று, இரும்பு அளவுகோல், கட்டிங் மேட், மென்மையான பென்சில், அழிப்பான். அவ்வளவுதான். பூ வடிவில் துளை போடும் கருவி, அலையலையாக வெட்டும் கத்தரி எதையும் தொடாதீர்கள். என்னிடம் 11 இருக்கின்றன. மூன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதுவும் பேரப்பிள்ளைகள் கேட்டதால்.

தாள்காரன் | சனி, மதியம் 1.05

பாட்டியம்மா கருவிகளைச் சொல்லிவிட்டார். தாளையும் பசையையும் நான் சொல்கிறேன். அச்சகத்தில் 20 ஆண்டுகள் அதோடுதான் வாழ்கிறேன். 60 வெள்ளியில் 40 இந்த இரண்டுக்கும் போகட்டும்.

மலிவான தாள் மரக்கூழிலிருந்து வருகிறது. மரத்தில் லிக்னின் என்றொரு பொருள் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறி அமிலமாகும். உங்கள் செய்தித் துண்டு மஞ்சளாகி, மடித்த இடத்தில் நொறுங்குகிறதா? அதுதான் காரணம். அந்த அமிலம் தன்னோடு நிற்காது, பக்கத்தில் இருக்கும் புகைப்படத்துக்கும் ஏறும். ஆகவே செய்தித் துண்டை நேராக ஒட்டாதீர்கள். நல்ல தாளில் நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். அசல் தனி உறையில் இருக்கட்டும். துண்டு மிகவும் கிழிந்திருந்தால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடிப் பாருங்கள். பழைய தமிழ் முரசு இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறார்கள்.

அடித்தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். அலுவலக நகல் தாள் 70, 80 தான். அதில் படத்தை ஒட்டினால் பக்கம் தொங்கும். பூப்போட்ட தாள் மேலே ஒட்டுவதற்குத்தான் என்பதால் 120 இருந்தாலே போதும்.

பென் நைஃப் என்றதும் ஒரு பழைய கதை. நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் கத்தியை 1956இல் கண்டுபிடித்தவர் ஒசாகாவில் ஓர் அச்சகத் தொழிலாளி. சாக்லேட் கட்டியை வரிவரியாக ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனையாம். பிறகு அதுவே ஒல்ஃபா நிறுவனமானது. எங்கள் தொழில்காரர் என்ற பெருமையில் சொல்கிறேன். ஆனால் அந்த நுனியை உண்மையிலேயே ஒடியுங்கள். மொட்டைக் கத்தி வெட்டாது, தாளை இழுத்துக் கிழிக்கும்.

செங்காங் சித்ரா | சனி, மாலை 4.30

நன்றி. மேசையில் பரப்பிவிட்டேன், 27 படங்கள் தேறின. கடையில் எல்லாத் தாளிலும் "அமிலமற்றது" என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? எதை நம்புவது? எங்கே வாங்குவது?

தாள்காரன் | சனி, மாலை 5.15

"அமிலமற்றது" என்றால் பிஎச் அளவு 7 அல்லது அதற்கு மேல். அது மட்டும் போதாது, "லிக்னின் அற்றது" என்றும் இருக்க வேண்டும். புகைப்படத்தோடு உரசும் பொருளுக்கென்றே ஒரு சோதனை உண்டு. ஐஎஸ்ஓ 18916 என்பது அதன் எண். பொட்டலத்தில் அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், விலைதான் கண்ணைத் திறக்க வைக்கும். எல்லாப் பக்கத்துக்கும் அது தேவையில்லை. அசல் படம் ஒட்டும் பக்கங்களுக்கு மட்டும் வாங்குங்கள்.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போங்கள். தாளைத் தொட்டுப் பார்த்து, ஒற்றைத் தாளாக வாங்கலாம். 50 தாள் கட்டு வாங்கினால் 30 மிஞ்சும். பென்சில், அளவுகோல் மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு டைசோ போதும். அதை இன்னும் இரண்டு வெள்ளிக் கடை என்றுதான் சொல்கிறோம், 2022இலிருந்து வரி தனியாகச் சேர்கிறது என்பதை மறந்துவிட்டு.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது பாலிபுரோப்பிலின் அல்லது பாலியெஸ்டர் என்று பாருங்கள். பிவிசி வேண்டாம். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

ராமபாணம் | சனி, இரவு 9.48

ராமபாணம் என்றால் புத்தகம் தின்னும் பூச்சி. என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், பழைய புத்தகம் சேர்ப்பவன். பெட்டிக்குள் என்ன போடுவது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். பெட்டி இருக்கும் ஊரை யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். ஆகவே பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு 11 மணிக்கு ஒட்ட உட்காராதீர்கள். அப்போது தாள் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். காய்ந்ததும் சுருங்கி அலையலையாக நிற்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஒட்டுங்கள். மழை பெய்தால் அன்று வெட்டும் வேலை மட்டும்.

சேமிக்க: மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு சிறு ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. நிறம் மாறிய ஜெல்லை அடுப்பில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும்.

அலமாரியில் வைக்கிறோமே, தண்ணீர் சேரும் ஈரம் உறிஞ்சும் டப்பா, அதை ஆல்பப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உப்புநீராகத் தேக்கும். எங்கள் வீட்டுப் பூனை ஒன்றைக் கவிழ்த்தது. 1950களின் மூன்று பஞ்சாங்கங்கள் போயின. பூனை இன்னும் இருக்கிறது.

தேக்கா தையல்காரி | ஞாயிறு, காலை 8.30

சித்ரா, அலங்காரத்துக்கு ஸ்டிக்கரே வேண்டாம். தேக்கா சந்தை மேல்தளத்துத் துணிக்கடைகளில் சேலைக் கரை, லேஸ் முழக்கணக்கில் கிடைக்கும். ஒரு முழத்தை நீளவாக்கில் வெட்டினால் நான்கு பக்கத்துக்கு வரும். அம்மாவின் கல்யாணச் சேலையில் கிழிந்த ஓரம் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைத் துணியை நனைத்து மேலே அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் படத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. உண்மையான சரிகையையும் படத்தோடு ஒட்டவிடாதீர்கள், அதில் வெள்ளி இருக்கும், கறுத்துப்போகும்.

எனக்கு வாஷி டேப் என்ற வண்ணத் தாள் நாடா மிகவும் பிடிக்கும். தாள் மாதிரி கையால் கிழிக்கலாம், தவறாக ஒட்டினால் எடுத்து மறுபடி ஒட்டலாம். ஐந்து சுருள் வாங்கி வையுங்கள்.

தாள்காரன் | ஞாயிறு, காலை 9.10

இரண்டு சுருள் போதும் தங்கச்சி. ஜப்பானில் வாஷி டேப்பைப் பிரபலமாக்கிய காமோய் நிறுவனம் 1923இல் ஈ பிடிக்கும் பசைத்தாள் செய்யத் தொடங்கிய கம்பெனி. பிறகு சாயம் அடிப்போர் ஓரத்தில் ஒட்டும் நாடா செய்தார்கள். 2008இல்தான் அதையே வண்ண நாடாவாகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக அதன் பிறவிக்குணம் எளிதாக உரிந்து வருவது. ஓரத்துக்கு அழகாக வையுங்கள். ஒரு படத்தின் பாரத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

படத்தின் நான்கு மூலைகளையும் செருகிவைக்கும் முக்கோண மூலைகள்தான் சரி. படத்தின் மேல் பசையே படாது, அடுத்த தலைமுறை கழற்றி எடுத்துக்கொள்ளலாம். தாளைத் தாளோடு ஒட்ட அமிலமற்ற இரட்டைப் பக்க நாடா. துணிக்கு மட்டும் வெள்ளைப் பசை, அதுவும் தீக்குச்சி நுனியால் தொட்டு.

பிடோக் பாட்டி | ஞாயிறு, காலை 9.45

எங்கள் காலத்தில் மைதாப் பசைதான். அம்மா மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சுவார். 1964இல் ஒட்டிய படம் இன்னும் விழவில்லை.

ராமபாணம் | ஞாயிறு, காலை 9.52

அம்மா, அந்தத் துத்தம்தான் பூச்சியைத் தள்ளி வைத்தது. துத்தம் இல்லாத மைதாப் பசை எங்கள் இனத்துக்குக் கல்யாண விருந்து. மாவுச்சத்து எங்கே என்று இருட்டிலும் கண்டுபிடிப்போம். துத்தம் நஞ்சும்கூட, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காய்ச்ச வேண்டாம்.

எழுத்தாணி | ஞாயிறு, மதியம் 3.00

யாரும் எழுத்தைத் தொடவில்லையே! சித்ரா வாங்கிய பெட்டியில் நான்கு தாள் ஆங்கில எழுத்து இருந்ததாம். தமிழ் எழுத்து ஸ்டிக்கரை நான் இங்கே எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, 247 எழுத்தை எந்தத் தாளில் அடிப்பார்?

ஆனால் அத்தனையும் வெட்ட வேண்டியதில்லை. நான் ரப்பர் முத்திரை செதுக்குபவன், கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உயிரெழுத்தில் ஔ என்ற எழுத்தை விட்டுவிடலாம், ஒவும் ளவும் சேர்ந்தால் வந்துவிடும். ஆக 11. அகர வரிசை 18. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கும் தனித் துண்டு. புள்ளியையும் இகர ஈகார வளைவையும் பேனாவால் போடலாம். படுத்துவது உகரமும் ஊகாரமும்தான். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. அவை தனியே 36. ஆக 69 துண்டு. ஆய்தம் மூன்று புள்ளி, அதற்கு முத்திரை எதற்கு?

ஒரே ஒரு ஆல்பத்துக்கு அதுவும் வேண்டாம். முதலில் தலைப்புகளை எழுதுங்கள். "அப்பா" என்றால் அ, ப, ப, ஒரு கால், ஒரு புள்ளி, முடிந்தது. தடித்த தமிழ் எழுத்துருவில் பெரிதாக அச்சடித்து, 160 ஜிஎஸ்எம் வண்ணத்தாளின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். ணவின் சுழி, இயின் வயிறு போன்ற உள்வெட்டுகளை முதலில் வெட்டிவிட்டு வெளிக்கோட்டுக்கு வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் எழுத்து கையில் துவண்டுபோகும். முதல் "ண" பிய்ந்துதான் வரும். கவலைப்படாதீர்கள்.

படத்துக்குக் கீழே குறிப்பு எழுத நிறமி மை பேனா வாங்குங்கள். சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் நல்லது, அந்த மை தண்ணீர் பட்டாலும் கரையாது, எளிதில் வெளிறாது. கடையில் முனையின் பருமனைக் காட்ட 005 முதல் 08 வரை எண் போட்டு வைத்திருப்பார்கள். ஆங்கிலம் எழுதுவோர் 08 எடுப்பார்கள். நமக்கு அது ஆகாது, ணை, ஞை எல்லாம் சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். 03 வாங்குங்கள். படத்தின் பின்னால் குண்டுமுனைப் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். தடம் முகத்தில் தெரியும்.

செங்காங் சித்ரா | ஞாயிறு, மாலை 6.20

எழுத்தாணி ஐயா, என் முதல் ண உண்மையாகவே பிய்ந்தது. மூன்றாவது நன்றாக வந்தது.

ஒரு சிக்கல். 27 படங்களில் எட்டு, பழைய ஒட்டும் ஆல்பத்தில் இருக்கின்றன. பிசின் கோடு போட்ட அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். மஞ்சளாகிவிட்டது. உரித்தால் படம் வளைகிறது.

ராமபாணம் | ஞாயிறு, மாலை 6.58

இழுக்காதீர்கள். முதலில் ஆல்பத்தில் இருக்கிறபடியே ஸ்கேன் செய்துவிடுங்கள், கிழிந்தாலும் உருவம் மிஞ்சும். பிறகு பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை எடுத்து, ஒரு மூலையில் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்து ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக நகர்த்துங்கள். படத்தை வளைக்காமல் அட்டையை வளையுங்கள். முடி உலர்த்தும் இயந்திரத்தால் சூடு காட்டச் சிலர் சொல்வார்கள். நான் ஒரு படத்தை அப்படித்தான் இழந்தேன். வர மறுத்தால் அட்டையோடு சேர்த்து வெட்டி, உறையில் போட்டுவிடுங்கள்.

ஜூரோங் ஜீவா | ஞாயிறு, இரவு 8.15

ஸ்கேன் என்றதும் வந்துவிட்டேன். அக்கா, 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுங்கள், பெரிதாக்கினாலும் உடையாது. நகலை வீட்டு இங்க்ஜெட்டில் அடிக்க வேண்டாம், ஈரக்கை பட்டால் மை இழுத்துக்கொள்ளும். புகைப்படக் கடையில் 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் கொடுத்தால் ஒரு படத்துக்குச் சில காசுதான். மீதிப் பொருளை வெளிநாட்டுத் தளத்தில் தேடுவதாக இருந்தால், 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த பொட்டலத்துக்கும் பொருள் சேவை வரி உண்டு. அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

பசை வேண்டாம் என்றவன்தான். இந்த முக்கோண மூலை எங்கே கிடைக்கும்? என் பாட்டியிடமும் ஒரு டின் இருக்கிறது.

செங்காங் சித்ரா | அடுத்த சனி, இரவு 7.40

வாங்கியாயிற்று. ஏ4 வளைய ஆல்பம் 14 வெள்ளி. அமிலமற்ற 220 ஜிஎஸ்எம் தாள், வெண்ணெய் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் பன்னிரண்டு பன்னிரண்டு, மொத்தம் 16.80. முக்கோண மூலைகளும் இரட்டைப் பக்க நாடாவும் 8.50. பேனா ஒன்று 3.60. பாலிபுரோப்பிலின் உறைகள் 4 வெள்ளி. சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் 7.20. சேலைக் கரை ஒரு முழம் 2 வெள்ளி. மொத்தம் 56.10. கட்டிங் மேட், கத்தரி, பென் நைஃப், இரும்பு அளவுகோல் மகளின் பள்ளிப் பையிலிருந்தே வந்துவிட்டன. வாஷி டேப் வாங்கவில்லை, தையல்காரி அக்கா மன்னிக்க வேண்டும். 68 வெள்ளிப் பெட்டியில் தப்பித்தது ஒன்றுதான்: அந்த அட்டைப் பெட்டி. கருவிகளை அதில் வைத்திருக்கிறேன். பனிமனிதனை மகன் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டான்.

வான்கடிதங்களுக்கு மூன்று பக்கம் ஒட்டிய உறை செய்து, ஒரு பக்கம் திறந்து வைத்தேன். எடுத்துப் படித்து, மடித்துச் செருகலாம்.

கடைசிக் கேள்வி. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. அது பக்கத்துப் படத்தில் ஏறுமா? துடைத்துவிடட்டுமா?

பிடோக் பாட்டி | அடுத்த சனி, இரவு 8.05

ஐயோ, துடைக்காதீர்கள்! ஈரத்துணி பட்டால் மஞ்சள் பத்திரிகை முழுவதும் பரவும். காய்ந்த மென்தூரிகையால் தூளை மட்டும் தட்டிவிட்டு, தனி உறையில் போட்டு, எதிர்ப்பக்கத்தில் படம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாள்காரன் | அடுத்த சனி, இரவு 8.22

அம்மா சொன்னது சரி. வெளிச்சத்தில் திறந்து வைக்காதீர்கள், மஞ்சள் வெயிலில் வெளுக்கும். அந்தப் பக்கத்துக்குச் சாம்பல் தாளைப் போடுங்கள், வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் மூலைகள் எடுபடாது.